காணாமல் போன பச்சைப் புள்ளி

போன வருடம் கார்த்திகை மாதம், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வெளியிலிருந்து வருகிற சரக்கைப் பிரித்துப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். தப்பாக இருந்தால் சிவப்பு அட்டை ஒட்டித் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பதினொரு வருடமாக இதே வேலை. அதனாலோ என்னவோ, யார் எதைக் கொடுத்தாலும் ‘இதில் என்ன கோளாறு இருக்கும்?’ என்றுதான் என் கண் முதலில் போகும். தக்காளி வாங்கினால்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். “என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்டித்தான் பாத்துக்கினு இருந்தீங்க” என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

எனக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் வீடியோ கேம். ஓவர்டைம் காசைச் சேர்த்து வாங்கிய, டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதிலும் என் சந்தேகப் புத்தி என்னை நிம்மதியாக விளையாட விடாது. புது கேம் வரப்போகிறது என்று டிரெய்லர் விடுவார்கள். மழையும் வெயிலும் தண்ணீரில் தெரியும் நிழலுமாக அப்படி இருக்கும். எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். நான் மட்டும், கையில் வரும்போது இதில் பாதிதான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிவேன். வெளிவருவதற்கு முன்பே பணம் கட்டி வாங்குவது என் சரித்திரத்திலேயே கிடையாது. ரிலீஸ் தேதி என்று ஒன்று சொல்வார்களே, அது எங்கள் சப்ளையர்கள் சொல்லும் டெலிவரி தேதி மாதிரிதான். வண்டி கேட்டுக்குள் நுழைந்த பிறகு நம்பினால் போதும்.

கையில் பிடித்து விளையாடுகிற கன்ட்ரோலர் விஷயத்தில் என் சந்தேகம் இன்னும் மோசம். இரண்டு வருடம் ஆனதும் அதில் ஆளை நடத்துகிற இடது பக்கக் குச்சி தேய்ந்துவிடும். பிறகு நாம் தொடாமலே கேமில் இருக்கிற ஆள் தானாக இடது பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுவான். நிற்க வைத்தால் நிற்க மாட்டான், போய் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். இத்தனை விலைக்கு விற்பவர்களுக்குத் தேயாத குச்சி போடத் தெரியாதா? தெரியும். வாரன்டி முடிந்ததும் தேய வேண்டும் என்றே போடுகிறார்கள் என்பது என் கட்சி. காந்தத்தில் வேலை செய்கிற, தேயாத குச்சி தனியாகவே கிடைக்கிறது. ஆனால் பழையதைக் கழற்றிப் புதியதை ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். அந்த வேலைக்கு என் கை உதவாது.

நான் மூன்று வருடமாகக் காத்திருந்த ஒரு கேம், அந்தக் கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. எந்தத் தேதியையும் நம்பாத நான், ஆசை யாரை விட்டது, இதை மட்டும் நம்பி வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து என் கன்ட்ரோலரில் ஆள் இடது பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

திருவள்ளூர் மாவட்டத்தில் கேம் விளையாடுகிறவர்களுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் கேட்டேன். பொன்னேரியில் ஒரு அக்கா இருக்கிறார், அவரிடம் கொடுங்கள் என்றார்கள். செல்போன் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் ஈயம் வைக்கும் லைனில் நின்றவராம். கான்ட்ராக்ட் முடிந்து அனுப்பிவிட்ட பிறகு, வீட்டின் முன் அறையில் மேஜை போட்டுக் கன்ட்ரோலர் ரிப்பேர் செய்கிறார். வீடு நடப்பதே அதில்தான். எல்லோரும் நன்றாகச் சொன்னார்கள். எல்லோரும் நன்றாகச் சொன்னதே எனக்கு இடித்தது.

டூப்ளிகேட் கதைகள் நிறையக் கேட்டவன் நான். நல்ல போர்டை எடுத்துக்கொண்டு மட்டமானதை உள்ளே போட்டுக் கொடுத்தால் வெளியே யாருக்குத் தெரியும்? அதனால் கொடுப்பதற்கு முன் நானே திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருக்கும் பச்சை நிற சர்க்யூட் போர்டின் மூலையில், வெள்ளையாக இருந்த இடமாகப் பார்த்து, என் கம்பெனி மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தேன். பழையபடி மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை. எதை வைத்துப் பரிசோதிக்கிறோம் என்பதை சப்ளையரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கன்ட்ரோலரைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். “அடுத்த வாரம் வெள்ளிக்கெழம கேமா? அதுக்குள்ள குடுத்துர்றேன் தம்பி, பேஜார் ஆவாத” என்றார். அடுத்த ஞாயிறு போனபோது சொன்னபடி தயாராக இருந்தது. கழற்றிய பழைய குச்சிகளையும் ஒரு சின்னக் கவரில் போட்டுக் கொடுத்தார். “உள்ள ஒரே அழுக்கு தம்பி. நல்லா கிளீன் பண்ணிக்கீறேன், பாரு” என்றும் சொன்னார்.

பார்த்தேன். புதிது மாதிரி மின்னியது. மற்றவர்களுக்கு அதைப் பார்த்தால் சந்தோஷம் வரும். எனக்குச் சந்தேகம்தான் வந்தது. இரண்டு வருடம் கை வேர்வையில் ஊறிய என் கன்ட்ரோலர் இவ்வளவு சுத்தமாக எப்படி இருக்கும்? ரயிலில் வரும் வழியெல்லாம் அதை அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பட்டன் சத்தம் வேறு மாதிரி கேட்டது. எடை குறைந்திருப்பது போலவும் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் திருகாணிகளைக் கழற்றினேன்.

புள்ளி இல்லை. மூலை வெள்ளையாக இருந்தது. அந்த நிமிடம் எனக்குக் கோபம்கூட வரவில்லை, ‘பார்த்தாயா, நான் நினைத்தது சரி’ என்று ஒரு திருப்திதான் வந்தது. இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ரயிலைப் பிடித்துப் போனேன். அவர் முன்னால் இன்னொரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். அவர் போகட்டும் என்றுகூடப் பார்க்கவில்லை.

“அக்கா, இது என் போர்டு இல்ல. மாத்திட்டீங்க” என்றேன்.

“இன்னா தம்பி சொல்ற? உன்னுதுதான் அது. நான் இன்னாத்துக்கு மாத்தப் போறேன்?”

“என்னுது இல்லன்னு எனக்குத் தெரியும்.”

“அதான் எப்டித் தெரியும்னு கேக்கறேன்.”

“அது எனக்குத் தெரியும்” என்றேன் மறுபடியும். எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. சப்ளையரிடம் சொல்லக் கூடாதே! உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் தன் கன்ட்ரோலரை மேஜையிலிருந்து மெதுவாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை அக்காவும் பார்த்தார், நானும் பார்த்தேன். திரும்பி வந்து, பொன்னேரியில் அந்த அம்மாவிடம் கொடுக்காதீர்கள், போர்டை மாற்றி டூப்ளிகேட் போடுகிறார், எனக்கே நடந்தது என்று குழுவில் எழுதினேன். ‘எனக்கே’ என்று வேறு போட்டேன்.

அது எத்தனை குழுவுக்குப் போனதோ தெரியாது. செவ்வாய்க்கிழமைக்குள் மூன்று பேர் ரிப்பேருக்குக் கொடுத்திருந்ததை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டதாகக் குழுவில் எழுதினார்கள். நல்ல வேளை சொன்னீர்கள் என்று எனக்கு நன்றி வேறு.

புதன்கிழமை தேநீர் இடைவேளையில் போனைத் திறந்தால் செய்தி: அந்த கேம் வெள்ளிக்கிழமை வரவில்லை, அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதியிருந்தார்கள். எரிச்சலோடு திரும்பி வந்தேன். அந்த எரிச்சலிலோ என்னவோ, அளவு தப்பான ஒரு தட்டு சரக்குக்குப் பச்சைப் புள்ளி வைத்துவிட்டேன். எங்கள் கம்பெனி லைனில் இருக்கிற ஒரு அக்காதான் கண்டுபிடித்தார்.

“இன்னா சார், தப்பான ட்ரேக்கு மார்க் போட்டுக்கீறீங்க? குடுங்க இப்டி” என்று வாங்கி, துணியில் ஐபிஏவை நனைத்து ஒரு துடை துடைத்தார். ஐபிஏ என்பது ஒருவகை ஸ்பிரிட். எங்கள் மேஜையில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும், மார்க் தப்பானால் அழிப்பதற்கென்றே. வரிசையாக எல்லாப் புள்ளியும் போய்விட்டது. துணியில் மட்டும் லேசாகப் பச்சை.

நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். சர்க்யூட் போர்டில் ஈயம் வைத்தால் பிசுக்கு நிற்கும். அதை ஐபிஏ போட்டுத்தான் துடைப்பார்கள். ஒன்பது வருடம் லைனில் நின்ற கை துடைக்காமல் விடுமா? ‘நல்லா கிளீன் பண்ணிக்கீறேன்’ என்று அவர் வாய்விட்டே சொன்னாரே! பதினொரு வருடமாக நானே அழிக்கிற புள்ளி. அது அழியும் என்பதுதான் எனக்கு ஞாபகம் வரவில்லை, திருடியிருப்பார் என்பது மட்டும் உடனே வந்தது.

ஷிஃப்ட் முடிந்ததும் நேராகப் பொன்னேரிக்குப் போனேன். மேஜை காலியாக இருந்தது. எப்போதும் நாலைந்து கன்ட்ரோலர் வரிசையாகக் கிடக்கும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. அவர் ஈயக் கம்பியைச் சுருட்டி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, புள்ளி வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஜன்னல் ஓரமிருந்த ஐபிஏ பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இதுல தொடச்சா மார்க்கர் போய்டும்னு உங்க கம்பெனில தெரியாதா சார்?”

“தெரியும்க்கா.”

“புள்ளி வெச்சேன், காணோம்னு அன்னிக்கே கேட்டிருந்தா ஒரே பேச்சுல முடிஞ்சிருக்குமே. கேக்கறதுக்கு டப்பு செலவா ஆவுது?”

அங்கேயே நின்று, தப்பு முழுக்க என்னுடையது என்று குழுவில் எழுதினேன். முதலில் எழுதியது ஊரெல்லாம் போனது. இதை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. நல்லதை யார் அனுப்புகிறார்கள்? கேமுக்காகப் போட்ட இரண்டு நாள் லீவு கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை மழையில் பைக்கை எடுத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டு போன மூன்று பேரையும் தேடிப் போனேன். மீஞ்சூர்க்காரர் நான் சொன்னதைக் கேட்டு, அங்கேயே கன்ட்ரோலரை என் கையில் கொடுத்தார். செவ்வாப்பேட்டைக்காரர் பத்து நிமிடம் திட்டிவிட்டுக் கொடுத்தார். சனிக்கிழமை ஊத்துக்கோட்டைக்குப் போனேன். அவர் வேறு கடையில் கொடுத்துவிட்டாராம். “நெருப்பில்லாம பொகையுமா நைனா?” என்றார். நெருப்பு நான்தான் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் நம்பவில்லை. அவரை எப்படிக் குற்றம் சொல்வது?

கிடைத்த இரண்டையும் பொன்னேரி அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அவர் என் கன்ட்ரோலரையும் கேட்டார். திருகாணிகளைக் கழற்றி, போர்டைத் திருப்பி என் முன்னால் வைத்து, ஒரு ஊசியை என் கையில் கொடுத்தார். “ஓரத்துல ஒங்க எழுத்தைக் கீறிக்குங்க சார். இது அழியாது” என்றார். என் பெயரின் முதல் எழுத்தைக் கீறினேன். இப்போது வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறாராம். கண் முன்னால் கழற்றி, அவர்கள் கையாலேயே கீறச் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடுகிறார். நன்றாக இருக்கிறதே இந்த ஏற்பாடு என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அந்த கேம் இந்த வருடம் வந்தது. டிரெய்லரில் காட்டியதில் பாதிதான் இருக்கிறது. கன்ட்ரோலரில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நிற்கச் சொன்ன இடத்தில் ஆள் நிற்கிறான். தெரிந்தவர்களின் கன்ட்ரோலரை எல்லாம் நானே வாங்கிக்கொண்டு பொன்னேரிக்குப் போகிறேன். அந்த அக்கா தேநீர்கூடக் கொடுப்பார், சிரித்துப் பேசுவார். ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் உட்காருகிற எல்லோரும் அவருக்குத் தம்பிதான், நான் மட்டும் சார். கேட்கிறவர்களுக்கு அது மரியாதையாகத் தெரியும். பதினொரு வருடம் யார் யார் சரக்கிலோ சிவப்பு அட்டை ஒட்டிய எனக்கு, ஒட்டுவதற்கு முன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதை, அவர் ‘சார்’ என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார்.