தானே உடுத்திக்கொள்வார்: ஆம்

லிஃப்ட்காரர் வேலையை விட்ட கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், பின்னால் வந்த அதிகாரிகள் எல்லாரும் அவரை வேலைக்குச் சோம்பி வீட்டில் உட்கார்ந்துகொண்ட ஆள் என்றுதான் நினைத்தார்கள்.

இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறை, அடியில் குழி, நடுவில் நீளமான இருட்டு. அதற்குள்தான் அவர் பிழைப்பு. அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்தெலும்பு தேய்ந்து, உள்ளே ஓடுகிற நரம்பை நெரிக்க ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி மரத்தது. அப்புறம் கையில் இருப்பது நட்டா போல்ட்டா என்றே தெரியாமல் போயிற்று. ஒரு நாள் ஏழாவது மாடியில் நின்று வேலை செய்யும்போது கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே போய்விட்டது. நழுவியதே அவருக்குத் தெரியவில்லை. குழியில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் கையைப் பார்த்தார். நல்ல வேளை, கீழே ஆள் இல்லை.

அன்று சாயங்காலமே சாவிக்கொத்தைக் கொண்டுபோய் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தார். "நாளைக்குக் கீழ ஒருத்தன் நிப்பான் சார். என் கைய நம்பி அவன் நிக்க வேணாம்" என்றார். யாரும் போகச் சொல்லவில்லை, தானாகப் போனார். இப்படிப்பட்ட மனுஷனைப் பார்த்துத்தான் ஒரு காகிதம் பின்னால் 'இலகுவான பணிகளுக்குத் தகுதியுள்ளவர்' என்று எழுதியது. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

ஆபரேஷன் ஆயிற்று. கழுத்தில் தகடு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார்கள். "ஊருக்கெல்லாம் நான் முடுக்கினேன், கடைசியில எனக்கே முடுக்கிட்டாங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு சிரித்தார். மேற்கொண்டு கெடாமல் நிறுத்தியிருக்கிறோம், போனது திரும்பி வராது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். தலை குனியாது. கை தோளுக்கு மேல் ஏறாது. விரல்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றால் கால் விறைத்துக்கொள்ளும்.

மனைவி ஒருத்தியின் சம்பாத்தியத்தில் வீடு ஓடியது. ஒரு பெரிய ஆபீஸ் கேண்டீனில் காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவள் வேலை. காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். நின்று நின்று இரண்டு முழங்காலும் வீங்கிப் போயிருந்தன. 'வேலை செய்ய இயலாதோர் உதவித்தொகை' வந்தால் இப்படியே சமாளித்துக்கொள்ளலாம். வராவிட்டால் சாயங்கால ஷிஃப்ட்டையும் அவளே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மேனேஜரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். அது காதுக்கு வந்த நாளிலிருந்து லிஃப்ட்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனிமேல்தான் சட்டை வருகிறது.

லிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் சட்டையைத் தொளதொளவென்று விட மாட்டார்கள். மோட்டார் அறையில் சக்கரம் சுற்றுகிறது, இரும்புக் கயிறு ஓடுகிறது; தொங்குகிற துணி எதுவானாலும் பிடித்து உள்ளே இழுத்துவிடும், துணிக்குப் பின்னால் ஆளையும் இழுக்கும். கழுத்துப் பொத்தானிலிருந்து மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டு, சட்டையைப் பேண்ட்டுக்குள் சொருகிய பிறகுதான் உள்ளே கால் வைப்பார்கள். லிஃப்ட்காரர் இதில் இன்னும் ஒரு படி மேலே. எவனாவது கைப்பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு வந்து நின்றால், "வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டிகிட்ட கடைசியா ஒரு வார்த்தை பேசிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

வேலை போயிற்று, பழக்கம் போகவில்லை. மனைவி கிளம்பிய பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு பொத்தானாகப் போடுவார். நானே மாட்டிவிட்டுப் போகிறேனே, இரண்டு நிமிஷ வேலைதானே என்று அவள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். செத்த பிறகு எல்லாரும் சேர்ந்து போட்டுவிடுங்கள், அதுவரைக்கும் நானே போட்டுக்கொள்கிறேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

உதவித்தொகைக்கான முதல் பரிசோதனைக்கும் அப்படித்தான் போனார். வெள்ளை முழுக்கைச் சட்டை, ஒன்பது பொத்தானும் பூட்டியிருந்தது. பரிசோதித்த டாக்டர் நிமிர்ந்து பார்த்ததே இரண்டு தடவைதான். தனியாகக் குளிப்பீர்களா, தனியாகச் சாப்பிடுவீர்களா என்று படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், சட்டையை யார் போட்டுவிட்டது என்றும் கேட்டார். "நான்தான்" என்றார் லிஃப்ட்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. டாக்டர் ஒரு டிக் அடித்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கேட்காததை எடுத்துச் சொல்லி இரக்கம் சம்பாதிக்கிற ஆள் இல்லை இவர். வினை அங்கேதான் பிடித்தது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. தூய்மையான உடை. பொத்தான்கள் முறையாக அணியப்பட்டிருந்தன. தானே உடுத்திக்கொள்வார்: ஆம். விரல்களின் இயக்கம் போதுமானது. இலகுவான பணிகளுக்குத் தகுதியுள்ளவர். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீடு செய்ய விரும்பினால் முப்பது நாள் அவகாசம்.

செய்தி கேட்டு மைத்துனன் ஓடிவந்தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட். எந்த ஆபீசில் எந்த மேஜைக்கு எப்படிப் போக வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். மாப்பிள்ளை மாதிரிப் போய் நின்றால் எவன் கொடுப்பான் என்று ஆரம்பித்தான். இந்தத் தடவை நாலு நாள் சவரம் செய்யக் கூடாது, கசங்கின சட்டையை இரண்டு பொத்தான் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும், அக்கா ஒரு பக்கம் தான் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு போவோம், கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் முழித்தால் போதும் என்று ஒரு முழு நாடகத்தையே போட்டுக் காட்டிவிட்டான்.

"நடிக்கச் சொல்றியா?"

"உள்ளதையே கொஞ்சம் தூக்கலா சொல்லுங்க மாமா. அவ்வளவுதான்."

"எனக்கு நெஜமாவே முடியல. முடியாதவன் மாதிரி நடிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?"

மைத்துனன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினான். ஆனால் மனைவி விடவில்லை. அவன் போன பிறகு, காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "உங்க வீம்புக்கு என் முழங்கால்தான் கூலி குடுக்குது."

நியாயம் அவள் பக்கம்தான். அது தெரிந்தும் கசங்கின சட்டையில் போய் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. பாவி மனுஷன்!

மேல்முறையீட்டு விசாரணை அன்று அவள் லீவு போட்டிருந்தாள். அவர் வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் வெளியே ஸ்கேன் படங்களையும் காகிதங்களையும் பையில் அடுக்கிக்கொண்டு, உள்ளே என்னதான் செய்கிறார் இந்த மனுஷன், கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாரா என்று முணுமுணுத்தாள். மூன்று தடவை கூப்பிட்டாள். கடைசியில் வெளியே வந்தார். கன்னம் மழமழவென்று, சட்டை பளிச்சென்று, ஒன்பது பொத்தானும் போட்டு. அவள் வாயில் வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு ஆட்டோ கூப்பிடப் போனாள்.

விசாரணை அறை இரண்டாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பதை நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அப்படித்தான் எழுதி மாட்டியிருந்தார்கள். நடக்க முடியாதவர்கள் எல்லாரும் படியேறித்தான் வந்திருந்தார்கள். தாழ்வாரத்துப் பெஞ்சுகளில் ஊன்றுகோலும் கட்டுமாக இருபது பேர் காத்திருந்தார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பியூன் சொன்னார். கூட ஒருவர் வரலாம் என்றதால் மனைவியும் உள்ளே போனாள்.

நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், வயதான டாக்டர். இடது பக்கம் தொழிலாளர் நலத் துறையிலிருந்து ஓர் அம்மா. வலது பக்கம் எழுதுகிற குமாஸ்தா. தலைவர் பழைய அறிக்கையைப் புரட்டினார், ஆளைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். இன்றைக்கும் நன்றாகத்தானே உடுத்தி வந்திருக்கிறீர்கள், உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை ஏதாவது பார்க்கலாமே என்று தன்மையாகவே கேட்டார்.

"போன தடவை டாக்டர் சட்டைய பாத்தாரு சார். போடறத பாக்கல" என்றார் லிஃப்ட்காரர். "நீங்க போடறத பாருங்க."

சொல்லிக்கொண்டே கழுத்துப் பொத்தானில் கை வைத்துவிட்டார். கழற்றி முடிக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. இதெல்லாம் வேண்டாம், புரிகிறது என்று தலைவர் நடுவில் இரண்டு தடவை சொன்னார். அந்த அம்மாதான் கையமர்த்தினார். யாரும் பார்க்காமல் எழுதினதால்தானே இது மேல்முறையீட்டுக்கு வந்திருக்கிறது, பார்த்துவிடுவோம் என்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். வெற்றுடம்போடு நின்ற லிஃப்ட்காரர் சட்டையை முதுகுப்பக்கம் சுற்றி, கைகளை நுழைத்து, போட ஆரம்பித்தார்.

இங்கே கண்ணாடி கிடையாது. குனிந்து பார்க்கவும் முடியாது. சட்டை விளிம்பை மேஜை ஓரத்தில் அழுத்திப் பிடித்து, பொத்தான் எங்கே என்று தடவினார். கையுறை மாட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் இருந்தது. பொத்தான் துளை வரை வரும், வழுக்கும். மறுபடி வரும், மறுபடி வழுக்கும். பிடித்திருக்கிறோம் என்று நினைத்து இழுப்பார். விரலுக்கு நடுவில் வெறும் துணி இருக்கும். மூன்றாவது பொத்தானில் கால் விறைத்து ஆடியது. நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி எழுந்தார். டி-ஷர்ட் போட்டுக்கொள்ளலாமே என்று குமாஸ்தா கேட்டார். "அதுக்குக் கைய மேல தூக்கணும் தம்பி" என்றார், வேலையை நிறுத்தாமல்.

மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகி இருபத்துமூன்று வருடம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை அவள் பார்த்ததே இல்லை. பத்து நிமிடம் ஆகும்போல என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் கதவுக்கு அந்தப் பக்கம் இதுவா நடந்தது! அழுகையோடு கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எழுந்து போய்ப் போட்டுவிடலாமா என்று கை பரபரத்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாள். வேர்வை வழிகிற அந்த முகத்தில் கெஞ்சல் என்பது மருந்துக்கும் இல்லை. அவள் இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

கழுத்துப் பொத்தானில் ஆறு நிமிடம் போயிற்று. தலைவருக்கே பொறுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, உதவப்போகிறவர்போலக் கையை நீட்டினார்.

"விடுங்க சார்" என்றாள் மனைவி. "அவரே போட்டுக்குவார்."

தலைவர் அப்படியே உட்கார்ந்தார். கழுத்துப் பொத்தான் ஏறியது. பிறகு மணிக்கட்டுகள் இரண்டு. கடைசிப் பொத்தான் துளைக்குள் போனபோது அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தொரு நிமிடம்.

தலைவர் பேனாவைத் திறந்து, இந்த 'ஆம்' என்பதை அடித்து 'இல்லை' என்று மாற்றிவிடுகிறேன், அப்போதுதான் இயலாமைக்கான மதிப்பெண் கூடும், உத்தரவு போட வசதியாக இருக்கும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். மனைவி தலையைத் தலையை ஆட்டினாள்.

"அடிக்காதீங்க சார்" என்றார் லிஃப்ட்காரர்.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மனைவிக்குப் பகீரென்றது. கைக்கு வந்ததை இந்த மனுஷன் தட்டிவிடப் பார்க்கிறாரே!

"நான்தான் போட்டேன். நீங்களே பாத்தீங்க. இல்லன்னு எழுதினா அது பொய். பொய்ல வர்றது எனக்கு வேணாம்" என்றார். "ஆம்னே இருக்கட்டும். பக்கத்துல நேரத்த எழுதுங்க. இந்தக் கைய எந்த முதலாளி வேலைக்கு வெப்பான்னு அதுக்குக் கீழ எழுதுங்க."

தலைவர் அந்த அம்மாவைப் பார்த்தார். குறிப்புக்கென்று விட்டிருந்த கட்டம் காலியாகத்தானே இருக்கிறது, அதில் எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லை என்றார் அந்த அம்மா. 'ஆம்' என்பதைத் தொடாமல், அதன் பக்கத்தில் அவரே எழுதினார்: நாற்பத்தொரு நிமிடம், மூவர் முன்னிலையில். அதற்குக் கீழே தலைவர் எழுதினார்: எந்தப் பணியும் செய்ய இயலாதவர், உதவித்தொகை அனுமதிக்கப்படுகிறது. மூன்று கையெழுத்தும் விழுந்தன.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால், தாழ்வாரமே கொதித்துப்போய் இருந்தது. ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரமாக ஒரே ஆளை வைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? முதல் பெஞ்சில் ஊன்றுகோலோடு இருந்தவர் எரிந்து விழுந்தார்.

"உள்ள அப்படி என்னய்யா பண்ணிட்டிருந்தே இவ்வளவு நேரம்?"

"சட்டை போட்டுட்டிருந்தேன்" என்றார் லிஃப்ட்காரர். "உள்ள இப்ப கடிகாரத்தப் பாத்து எழுதறாங்க. நீங்களும் அவசரப்படாம போங்க."