எங்கே வெடிக்கும் என்று சொன்னேன்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு போர்ப் படத்தில் உதவி இயக்குநராக இருந்தேன். கோடையில் வற்றிக் கிடந்த செம்பாக்கம் ஏரிக்குள் எல்லை முகாம் போட்டிருந்தோம். முகாமில் வீரர்கள் காலை டிபன் சாப்பிடும்போது எதிரி திடீரென்று தாக்க வேண்டும். சாக வேண்டிய வீரர்களாக ஊர்க்காரர்களையே பிடித்திருந்தோம். ஏரிக்குக் கீழே பயிர் வைத்து, பிறகு மனை போட்டு விற்றவர்கள். சினிமாவில் தலை தெரியும் என்று வந்திருந்தார்கள்.

வெடி வைப்பவர் மருந்தை மண்ணில் புதைத்து, சுற்றிலும் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடுவார். நடிக்கிறவர்களுக்கு ஒவ்வொரு வட்டத்தையும் காட்டுவது என் வேலை. அதன் பிறகே வட்டங்களை அழிப்போம். அன்று ஆட்கள் வருவதற்கு முன்பே இயக்குநர் அழிக்கச் சொல்லிவிட்டார். வெறும் டிபன் காட்சி என்று சொல், வெடியைப் பற்றி வாயைத் திறக்காதே என்றார். அவர்களுக்கு நடிக்கத் தெரியாது, நிஜமாகப் பதறினால்தான் முகத்தில் பயம் வரும் என்பது அவர் கணக்கு. வெடி வைப்பவரிடம் கேட்டேன். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால் ஒன்றும் ஆகாது, எழுந்து எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார்.

அடுத்த படத்தில் என்னை இணை இயக்குநராக்குவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நான் மறந்துவிடவில்லை.

பொங்கல் பரிமாறியாகிவிட்டது. நடுவில் போய் நின்று, தட்டை வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து வாருங்கள் என்றேன். புதைக்கும்போது கூடவே நின்றிருந்ததால் இடங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

அவர்களில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் குனிந்து பார்த்தார். "இன்னா சார், பொங்கலைப் போட்டு பக்கத்துலயே வேட்டும் வச்சிக்கீறீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களும் ரெடியா சாவோம்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநர் குடை நிழலிலிருந்து நடந்து வந்தார். கத்தவில்லை.

"என் சீனைக் கெடுத்துட்டே."

"நடிப்பாங்க சார். ஒத்திகை பார்த்தா போதும்."

நடித்தார்கள். முதல் டேக்கில் சைக்கிள் கடைக்காரர் சாவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டதால், மறுபடியும் மருந்து புதைக்க வேண்டியிருந்தது. அதற்குள் வெயில் ஏறி, காலை டிபன் காட்சியில் நிழல் குட்டையாக விழுந்தது. அது என்னால் வந்ததுதான், மறுக்கவில்லை. சொல்லாமல் எடுத்திருந்தாலும் யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது என்று பிறகு சிலர் சொன்னார்கள். இருக்கலாம். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

மறுநாள் அதே ஆட்களை வைத்துப் பாலத்தைத் தகர்க்கும் காட்சி. சாயங்காலம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கும் இதேதான் பண்ணுவியா?"

"ஆமா சார்."

"அப்ப நீ வர வேண்டாம்."

சரி என்றேன். ஊர்க்காரர்கள் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு வெடி எங்கே இருக்கிறது என்று காட்டாத வரைக்கும் யாரும் உடுப்பு மாட்டாதீர்கள் என்று, இயக்குநர் காதில் விழும்படியே அவர்களிடம் சொன்னேன்.