அளாப்பி என்று பெயர் வாங்கிய அண்ணை

புதிதாக வெட்டிய வாழைக்குற்றியில் கத்தியை இறக்கும்போது 'சர்க்' என்று ஒரு சத்தம் வரும், கூடவே தண்டுச் சாற்றின் பச்சை வாசமும் விரலை விட்டுப் போகாத 'கயர்'க் கறையும் வரும். நீர்வேலியில் எங்கள் தோட்டத்துக் கொட்டிலில், காலையில் தண்ணீர் இறைத்து முடித்தவர்கள் மத்தியான வெயிலுக்கு ஒதுங்கிக் 'கடதாசி' என்கிற சீட்டு விளையாட உட்காருமுன், என் அப்பாவின் தம்பியான குஞ்சியப்பு முதலில் செய்கிற வேலை அது. குற்றியின் மேலே நீளமாக ஒரு கீறல் போட்டு, கடதாசிகளை அதில் வரிசையாகச் செருகி, என் அண்ணைக்கு மட்டும் தெரியும்படி திருப்பி வைப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. அண்ணைக்கு இருபது வயதிருக்கும். பிறந்தபோது நெடுநேரம் அழவில்லையாம். கைகால்கள் அவர் நினைத்த பக்கம் போகமாட்டா, முகம் தன்பாட்டில் சுழிக்கும், வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு சொல் வெளியே வருவதற்குள் கேட்பவர்கள் பொறுமை இழந்து தாங்களே ஒரு சொல்லைச் சொல்லி முடித்துவிடுவார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவருடைய தலைக்கு மேலாகவே அம்மாவுடன் கதைப்பார்கள். "உவனுக்கு ஒண்டும் விளங்காது, பாவம்" என்பார்கள். நான் சின்ன வயதிலேயே சந்தேகக்காரி, அந்தப் 'பாவ'த்தை ஒருநாளும் நம்பியதில்லை. பாவம் என்று சொன்ன எந்த வாயும் "தம்பி, நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்டு நான் காணவில்லை. நல்லது கெட்டதுக்கு அவரைக் கூட்டிவர வேண்டாம் என்று அம்மாவின் காதில் ஓதியதும் அதே வாய்கள்தான்.

குஞ்சியப்புதான் ஒருநாள் அவரை முதுகில் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிலில் இருத்தி 'முந்நூற்றிநாலு' பழக்கினார். நாலு பேர் இரண்டு கட்சியாக எதிரெதிரே இருந்து ஆடுவது அது. கேள்வி கேட்டவர், அதாவது கூடிய புள்ளிக்கு ஏலம் கூறியவர், மற்றச் சீட்டுகளை வெட்டுகிற தன் துரும்பைக் கவிழ்த்து வைத்துவிடுவார், அது ஆடுத்தனா, கலாவரையா, என்ன சாதி என்று மற்றவர்கள் மண்டையை உடைக்கவேண்டும். முழுக்க முழுக்கச் சந்தேகத்தின் மேல் கட்டிய விளையாட்டு. அண்ணை கைமுட்டியால் இடித்தால் வேண்டிய கடதாசி குற்றியிலிருந்து விழும், சிலவேளை இரண்டு விழும், அதற்கு ஒரு சண்டை நடக்கும். ஆனால் யார் எதைப் போட்டார்கள் என்பது ஒன்றும் அவருக்கு மறக்காது. அவரும் குஞ்சியப்புவும் வெல்லத் தொடங்கினார்கள். கொஞ்சம் கூடுதலாகவே வென்றார்கள்.

எதிர்க்கட்சியில் இருந்தவர்கள் பக்கத்துத் தோட்டக்காரரான செல்லப்பரும் அவருடைய மருமகனும். செல்லப்பர், கோயிலில் ஐயர் தனக்கு மட்டும் திருநீற்றைக் குறைத்துத் தருகிறார் என்று சந்தேகிக்கிற மனிதர். செருமியோ மீசையைத் தடவியோ கூட்டாளிக்குக் குறிப்புக் காட்டுகிற கள்ளனை எங்கள் பக்கத்தில் 'அளாப்பி' என்போம், அப்படிச் செய்வது 'அளாப்புதல்'. தொடர்ந்து தோற்ற ஒரு மத்தியானம் அவர் கையிலிருந்ததை எறிந்துவிட்டு எழுந்தார்.

"உவன்ரை முகத்தைப் பாருங்கோ! வாய் கோணினா ஆடுத்தன், கண் சுருங்கினா கலாவரை. குஞ்சியப்பனும் பெறாமகனும் சேர்ந்து அளாப்புகினம்! இனி உவன் இருந்தா நான் இருக்கமாட்டன்."

அண்ணைக்கு உலகத்தில் இருந்த ஒரே சபை அந்தக் கொட்டில்தான். குஞ்சியப்பு விட்டுக்கொடுக்கவில்லை. "அப்பிடியெண்டா நாளைக்கு அவன் உமக்குக் கூட்டு. குறிப்பை நீரே பாரும்" என்றார்.

மறுநாள் செல்லப்பர் தன் கையைப் பார்க்கவே இல்லை, அண்ணையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் கோணியதும் ஆடுத்தனை இறக்கினார், வெட்டுப்பட்டது. கண் சுருங்கியதும் கலாவரை, அதுவும் போயிற்று. ஒரு இலையான் பறந்து வந்து மூக்கில் இருந்ததற்கு அண்ணை தலையை ஆட்டியபோது மனிதர் தன் பெரிய துரும்பையே கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தோற்று முடிந்ததும் அவருக்குச் சந்தேகம் தீர்ந்ததா என்றால், இரட்டிப்பானது. "வேணுமெண்டு பிழையான குறிப்புக் காட்டி என்னை ஏமாத்திப்போட்டான்!" என்று கத்தினார்.

மோர்ச் செம்போடு வந்த அம்மா அதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "செல்லப்பண்ணை, அவனுக்கு என்ன தெரியும்? குறிப்புக் காட்டுற அறிவு இருந்தா நான் ஏன் அழுறன்? அவன் பாவம்."

செல்லப்பரின் முகம் உடனே இளகியது. "ஓம் தங்கச்சி, நான் உதை யோசிக்கேல்லை. பாவம், வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ. இனி ஏன் உந்த வெயிலுக்கை கஷ்டப்படுத்துறியள்?"

எல்லோரும் தலையாட்டினார்கள், குஞ்சியப்புகூட நிலத்தைப் பார்த்தார். எனக்கு அம்மாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கள்ளனோடு சண்டை பிடித்தாவது விளையாடலாம், பாவத்தோடு யார் விளையாடுவார்கள்?

அப்போது அண்ணை வாய் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அம்மா வழக்கம்போல அவருக்காகச் சொல்லி முடிக்கப் பார்த்தாள், அவர் முட்டியால் நிலத்தில் இடித்து அவளை நிறுத்தினார்.

"பா...வ...மில்லை. நா...ன்... அளா...ப்பி."

செல்லப்பர் குஞ்சியப்புவின் பக்கம் திரும்பித் துள்ளினார். "பாத்தியளே! நான் சொன்னனானெல்லே! படு கள்ளன்! நாளைக்கு உவனுக்கும் உமக்கும் நடுவிலை சாக்குக் கட்டிப்போட்டுத்தான் விளையாட்டு!"

அண்ணையின் முகம் அன்று மலர்ந்ததுபோல அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சொன்னபடியே மறுநாள் கூட்டாளிகளுக்கு நடுவே உரச்சாக்கு ஒன்று தொங்கியது. வருடக்கணக்காகத் தொங்கியது, சாக்குக்கு இப்பாலிருந்தும் அவர் வென்றார். உண்மையில் அளாப்பினாரா என்று பின்னாளில் பலமுறை கேட்டேன். வாய் ஒரு பக்கம் கோணும், அவ்வளவுதான். என் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

கொட்டிலும் இல்லை, அந்த நாலு பேரும் இல்லை. இன்று கொண்டாட்ட வீடுகளில் அண்ணையைப் போன்ற பிள்ளைகளைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருத்துகிறார்கள், நல்லதுதான். வருகிறவர்கள் குனிந்து கன்னத்தைத் தட்டி, இனிப்பை மடியில் வைத்துவிட்டு, அப்பால் போய்க் கதைக்கிறார்கள். அந்தப் பிள்ளை தங்களை வென்றுவிடுவானென்று பயந்து சாக்குக் கட்ட ஓடுகிற ஒரு மனிதரையும் நான் இதுவரை காணவில்லை.