அருமைக்காரர் வராத கல்யாணம்

பக்கத்து வீட்டுப் பெண்ணை மில் மேஸ்திரி பஞ்சுக் குடோனில் வைத்துப் பலாத்காரம் செய்தான். அவள் கெட்டுப்போய்விட்டாள் என்றுதான் ஊரில் பேசினார்கள். பெரியவர்கள் கூடி, அவனே தாலி கட்டட்டும் என்று முடித்தார்கள். அவனும் எங்கள் சனம்தான் என்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

அவள் அம்மா என்னிடம் வந்தாள். "அம்மணி, நீ ஸ்கூல் பைனல் படிச்சவ. நீ சொன்னாக் கேப்பா. சோறே திங்க மாட்டீங்கறா."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டீச்சர் வேலையும் பார்க்கிறேன். என்னைத் தேடி வந்தது பெருமையாகத்தான் இருந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள்தான் பேசினாள்.

"என்ற வாயப் பொத்துன கையக்கா அது. அந்தக் கையில தாலி வாங்கச் சொல்றீங்களா?"

எங்கள் பக்கம் கல்யாணத்தை நடத்தி வைப்பவர் அருமைக்காரர். அவர் இல்லாமல் தாலி ஏறாது. எங்கள் ஊருக்கு அருமைக்காரர் என் அப்பா. கிணற்றடியில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஊரு பேசி முடிச்சுப்போட்டாங்க கண்ணு. அவன் கட்டாட்டி அந்தப் புள்ளைய ஆரு கட்டுவா?"

"ஆரும் கட்டாட்டிப் போகட்டுங்கப்பா. அவள ஆராச்சும் கேட்டாங்களா?"

அவர் மாட்டைத் திருப்பினார்.

கல்யாணத்தன்று ஆள் வந்து அழைத்தபோது, "நான் வரலீங்க" என்றார்.

"ஏனுங்க, மகளப் படிக்க வெச்சுப்போட்டு, இப்ப அவகிட்டப் பாடம் படிக்கறீங்களாக்கும்?"

"ஆமாங்க. வயசு போன காலத்துல படிக்கறனுங்க."

அவர் மறுத்த பந்தலில் ஏற வேறு ஊர் அருமைக்காரர் யாரும் சம்மதிக்கவில்லை. கல்யாணம் நின்றது. அன்று சாயங்காலமே அவளை வீட்டில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அப்பா போய்க் கூட்டி வந்தார். அவள் அம்மா துணி மூட்டையை வேலிக்கு மேலே நீட்டினாள்.

மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மில்லுக்குத்தான் போய் வருகிறான். அப்பாவை இப்போது எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடுவதில்லை. லேடி டாக்டரிடம் காட்ட அவளை நான் டவுனுக்குக் கூட்டிப்போய் வருகிறேன். பஸ்ஸில் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

சில நாள் பேசுகிறாள். சில நாள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள். நடந்ததை நானாகக் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உடம்பெல்லாம் அசந்துபோகிறது. அவளுக்குச் சோறு போட்டுவிட்டு, என் தட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறேன்.

இன்று பாதி தின்றாள்.