நாற்காலியில் உட்கார வைத்த கிடார்கள்

ஸ்ரீபெரும்புதூர் தேரடிப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. தொண்ணூற்றொன்றில் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமா, காதுகுத்தா, சாவா, படம் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அப்போது மண்ணூரில் ஒருவர் கொட்டகை போட்டுக் கிடார் செய்துகொண்டிருந்தார். மெட்ராஸ் கடைகளுக்கு அனுப்பப் படங்களோடு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்க நினைத்தார். அவர் செய்த நான்கு கிடார்களை நானும் எடுக்க வேண்டும், அதே நான்கைப் படப்பையில் ஸ்டூடியோ வைத்திருந்தவரும் எடுக்க வேண்டும். எது நன்றாக இருக்கிறதோ அது புத்தகத்தில் வரும். அதுவரை என் படம் ஒன்றுகூட அச்சில் வந்ததில்லை. இதை விட்டுவிடக் கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. படப்பைக்காரர் என்னைவிட வயதில் சின்னவர், கடை திறந்தே இரண்டு வருஷம்தான்.

"அவன் இன்னாத்த புடிச்சிடப் போறான்?" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். அருவி வரைந்த திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, கிடார்களை ஒவ்வொன்றாக உட்கார வைத்தேன். விளக்கைப் போட்டதும் வார்னிஷ் பளபளப்பில் கண் கூசியது. முகத்தில் எண்ணெய் வடிந்தால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். பவுடரை எடுத்துக் கிடாரின் உடம்பு முழுக்க ஒற்றிவிட்டேன். பளபளப்பு அடங்கியது. நேர் எதிரே நின்று ஃபிளாஷ் அடித்தேன். படங்கள் கழுவி வந்தபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

பத்து நாள் கழித்து, கொட்டகையில் மரம் இழைக்கும் மேஜைமேல் இருவர் படங்களையும் பக்கம் பக்கமாகப் பரப்பினோம். படப்பைக்காரர் கிடார்களை வேப்பமரத்தில் சாய்த்து, வெளிச்சம் பட்டுத் திரும்ப எதிரே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, காலை வெயிலில் எடுத்திருந்தார். மரத்தின் ரேகை ஒவ்வொன்றும் தெரிந்தது. நான் அடக்கிவைத்த அந்தப் பளபளப்பு, விளிம்போரமாக ஈரம் போல ஓடியது. எனக்கு வயிறு எரிந்தது. அதைவிடக் கேவலம், அந்தப் படங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

கிடார்க்காரர் என் படங்களைக் கையில் எடுத்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க நைனா செத்தப்போ நீங்கதான வந்து படம் புடிச்சீங்க? சேர்ல குந்த வச்சி, மூஞ்சிக்குப் பவுடர் போட்டு... அதே மாதிரி கீது."

"கலர் நல்லா வந்துகீதுண்ணே" என்றார் படப்பைக்காரர் அவசரமாக. அவர் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சைக்கிளை மிதித்துக் கடைக்கு வந்து ஷோகேஸ் முன்னால் நின்றேன். பன்னிரண்டு வருஷமாக நான் எடுத்த மணப்பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விறைத்த கழுத்து, வெளுத்த முகம், நேர்ப் பார்வை. நடுவில் என் தங்கை. கல்யாணத்தன்று அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. ஆடாதே, பல்லைக் காட்டாதே என்று மூன்று தடவை அதட்டி, அவள் முகம் இறுகிய பிறகுதான் எடுத்தேன். என் படங்களிலேயே சிறந்தது என்று பெரிதாக்கி மாட்டியிருந்தேன். அந்தப் படத்தில் ஒரு காப்பி வேண்டுமென்று அவள் இதுவரை கேட்டதில்லை.