முன்சீட்டில் உட்காராதவள்

வளர்மதியை நினைத்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பரிதாபமெல்லாம் அப்புறம். நல்லவளாக இருக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

நான் தேவேந்திரன். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து திண்டிவனம் ரோட்டில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வண்டி என்னுடையது. கான்ட்ராக்டில் ஓடுகிறது. வளர்மதி வழியில் வல்லத்தில் ஏறுவாள். தையல் மெஷினில் சேர்ந்து, ஒரு லைனுக்கே சூப்பர்வைசர் ஆனவள். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகிவிட்டான். மகள் தமிழினி விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். இந்த ஒரு வேலையை நம்பித்தான் அந்தக் குடும்பம் நின்றது. அது எனக்கும் தெரியும், கம்பெனிக்கும் தெரியும்.

வண்டியில் முன்சீட்டு சூப்பர்வைசருக்கு. யாரும் போட்ட சட்டமில்லை, அப்படி ஒரு வழக்கம். வளர்மதி அதில் உட்கார்ந்ததே இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி, காய்ச்சல்காரி என்று யாரையாவது உட்காரவைத்துவிட்டுத் தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எவளாவது பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தால், "அண்ணா, செத்த நிறுத்துங்க, நம்ம அமலா" என்பாள். முக்கால்வாசி நாள் அமலாதான். கைக்குழந்தைக்காரி, அவளும் வல்லம்தான், நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் சங்கு ஊதியிருக்கும். மேனேஜர் ஆனந்தராஜ் கேட்டிலேயே நிற்பார்.

"யாரால லேட்டு?"

"நான்தான் சார். நான்தான் நிக்க வெச்சேன்" என்பாள் வளர்மதி.

நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வாள். உள்ளே போனதும் அந்தக் கோபத்தைப் பெண்கள் மேல் காட்டமாட்டாளாம். தையல் கோணிப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து, பிரித்து, தைத்துக் காட்டுவாளாம். வண்டியில் அந்தப் பெண்களே பேசிக்கொள்வார்கள். அவள் லைனில் வேலையும் குறைந்ததில்லை. சென்னையிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, நல்ல தலைவன் தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்வான், பாராட்டை மற்றவர்களுக்குக் கொடுப்பான் என்று அரை நாள் பாடம் நடத்தினாராம். ஆனந்தராஜ் எழுந்து நின்று கைதட்டினாராம்.

அடுத்த மாதமே வந்தது வினை. எட்டாம் நம்பர் ஷூவில் ஏழாம் நம்பர் அளவுச்சீட்டை வைத்துத் தைத்து, அந்தச் சரக்கு வெளிநாடு வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது. தைத்தவள் அமலா. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நேரம், கவனம் எங்கேயோ இருந்திருக்கிறது. ஆனந்தராஜ் குதித்தார். வளர்மதி என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சொல்லவே வேண்டாம்.

"நான்தான் சார். நான் பாத்துல்ல அனுப்பியிருக்கணும்."

சூப்பர்வைசர் வேலையைப் பிடுங்கி அவளை ஹெல்பராக்கினார்கள். இனி எது நடந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எச்சரித்தும் விட்டார்கள். அந்த இடத்துக்கு, இதுவரை தப்பே செய்யாத ஆளாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். யாரை? அமலாவை. அவள் பேரில் ஒரு புகாரும் இல்லையாம். எப்படி இருக்கும்? அத்தனையையும்தான் இந்த மகராசி தன் தலையில் போட்டுக்கொண்டாளே.

மறுநாளே அமலா முன்சீட்டில் உட்கார்ந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் வந்துவிட்டதால் இப்போதெல்லாம் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்கிறாள்.

போன ஐப்பசியில் நல்ல மழை. வல்லத்தில் வளர்மதியைக் காணவில்லை.

"எடுங்கண்ணா, டைம் ஆச்சு" என்றாள் அமலா.

"வளர்மதி வரலியேம்மா."

"ஒருத்திக்காக எல்லாரும் லேட்டாவணுமா? எனக்கில்ல திட்டு வுழும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இஞ்சினை அணைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வளர்மதி நனைந்துகொண்டே ஓடிவந்தாள். புருஷனுக்கு விடியற்காலையில் மூச்சுத் திணறலாம், மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு வருகிறாள்.

கேட்டில் ஆனந்தராஜ் நின்றார். "யாரால லேட்டு?"

நான் இறங்கிப் போய், "நான்தான் சார் நிறுத்துனேன்" என்றேன்.

"உங்கள கேக்கல" என்று அமலா பக்கம் திரும்பினார். இவளாவது ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தேன்.

"வளர்மதிக்கா சார்" என்றாள். அக்கா என்பதை மட்டும் விடவில்லை.

"நான்தான் சார்" என்றாள் வளர்மதி. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அது உண்மை. கேட்டுக்கு வெளியிலேயே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

காலி வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பழக்கதோஷம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரும்மா. வேற யாரும் இல்ல."

முன்சீட்டில் உட்கார்ந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஒரே ஒரு தடவ அவ பேர சொல்லித் தொலைச்சிருந்தா இன்னா?"

"கைக்கொழந்தக்காரிண்ணா."

"உன் வூட்ல மட்டும் யாரும் இல்லியா?"

வல்லம் வரும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வண்டி நின்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தமிழினிக்குப் போன் பண்ணி சொல்லணும்ணா. யாரால வேல போச்சுன்னு கேப்பா."

"அவகிட்டயாவது நெசத்த சொல்லு" என்றேன்.

"நான்தான்னு சொல்லிக்கறேன்" என்று இறங்கிப் போனாள்.