கால்வாய்க் கரையில் ஒரு மொழிபெயர்ப்பு

மொன்றியலில் ஜூலை முதலாம் தேதி ஊரே வீடு மாறும். வாடகை ஒப்பந்தங்கள் அந்த நாளோடு முடிவது அங்கே வழக்கம். புது வீட்டுக்குக் கொண்டுபோக விருப்பமில்லாத சாமான்களைச் சனங்கள் தெருவோரம் வைத்துவிட்டுப் போவார்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்து, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இரண்டு அறைக்குள் ஒதுங்கியிருந்த எங்களுக்கு அது ஒரு பெருநாள். அப்பா விடியவே புறப்பட்டுவிடுவார். எங்கள் சாப்பாட்டு மேசை, அம்மாவின் இஸ்திரிப்பெட்டி, படம் வராமல் சத்தம் மட்டும் வரும் தொலைக்காட்சி எல்லாம் அப்படி வந்து சேர்ந்தவைதான். மற்றவர்கள் ஒருநாளில் வீசியதில் நாங்கள் வருடம் முழுவதும் வாழ்ந்தோம்.

எனக்கு அது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தது ஒரு குளிர் ஜாக்கெட். வகுப்பில் என் பின்னால் இருந்த பெண் ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்து, உள்பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகள் தைத்திருப்பதை எல்லோருக்கும் காட்டினாள். அவளுடைய அம்மா வீசிய ஜாக்கெட் அது. குப்பைத்தொட்டிக்குப் பிரெஞ்சில் ‘பூபெல்’ என்று பெயர். அந்த மாரி முடியும்வரை வகுப்பில் என் பெயரும் அதுதான். வீட்டில் நான் சொல்லவில்லை.

எனக்குப் பதினொரு வயதான கோடையில் அப்பா இரண்டு சைக்கிள்கள் கொண்டுவந்தார். சின்னது எனக்கு. பெரியது ஊதா நிறம், நல்ல சைக்கிள், ஆனால் முன்சில்லு எட்டுப்போல வளைந்திருந்தது, செயின் இல்லை, இருக்கை கிழிந்திருந்தது. அப்பா ஹோட்டல் சமையலறையில் துப்புரவு வேலை செய்தார். வேலை முடிந்து வந்து, பின்பக்க இரும்புப் படிக்கட்டில் உட்கார்ந்து அதன் ஒவ்வொரு கம்பியையும் முறுக்கி நிமிர்த்தினார். வேறு தெருக்களில் கிடந்த சைக்கிள்களிலிருந்து செயினும் இருக்கையும் வந்தன. மூன்றாம் வாரம் அதைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுற்றிவிட்டார். அது அசையாமல் நேராகச் சுற்றியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா கையில் மாவோடு வந்து பார்த்துவிட்டு, “இனி ஆளைப் பிடிக்கேலாது” என்றார்.

அப்பா வன்னியில் தபால்காரராக இருந்தவர். பதினைந்து வருடம் சைக்கிளில்தான் அவருடைய உத்தியோகம். ஆகவே ஞாயிறுகளில் நாங்கள் மலைச்சரிவில் இறங்கி, ரயில் பாதைக்குக் கீழால் புகுந்து, லஷீன் கால்வாய்க்குப் போகத் தொடங்கினோம். கப்பல்கள் வராமல் விட்ட கால்வாய் அது. தண்ணீர் அசையாமல் கறுத்துக் கிடக்கும். இருபக்கமும் மூடிக்கிடக்கும் தொழிற்சாலைகள், அவற்றைத் தாண்டினால் இடுப்பளவு புல்லும் மரங்களும். சைக்கிள்காரருக்கென்று தார் போட்ட பாதை இருந்தது. அப்பா அதில் ஓடமாட்டார். பக்கத்தில் சரளைக்கல் கொட்டியிருந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கிவிடுவார்.

“றோட்டெண்டால் இதெல்லோ. நல்ல கிறவல்” என்பார். “முன்பிறேக்கை ஒரேயடியாப் பிடியாதை பிள்ளை, சறுக்கும். சைக்கிளை அதின்ரை பாட்டிலை விடு.”

நான் விட்டேன். கற்கள் சில்லுக்குக் கீழே நொறுங்கும் சத்தமும், கைகளில் ஏறும் அதிர்வும், எனக்கு முன்னால் அப்பாவின் சட்டை காற்றில் உப்பி நிற்பதும் பெரிய சந்தோஷமாக இருந்தன. வீட்டில் தலைகுனிந்தே நடக்கும் மனிதர் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் குடிக்க நின்றோம். கரையோர வாங்கில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. தகப்பன், தாய், என் வயதில் ஒரு மகள். தகப்பன் எழுந்துவந்து அப்பாவின் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து பெடலுக்குக் கீழே எதையோ தடவினார். பிறகு என்னிடம் பிரெஞ்சில், மரியாதையாகவே, இந்தச் சைக்கிள் எங்கே கிடைத்தது என்று கேட்டார். வசந்த காலத்தில் தன் வீட்டு வாசலில் இருந்து களவு போனது, கீழே தானே பொறித்த இலக்கம் இருக்கிறது என்றார்.

வீட்டுக்காரர், பள்ளிக்கூடம், வைத்தியர் என்று எல்லோரிடமும் எங்கள் குடும்பத்துக்காகப் பேசுகிறவள் அப்போது நான்தான். அப்பா என்னைப் பார்த்தார்.

“என்னவாம்?”

சொன்னேன். அப்பா பதறவில்லை. “உண்மையைச் சொல்லு பிள்ளை. குப்பைக்குள்ளை கிடந்தது. சில்லு வளைஞ்சு, செயினில்லாமல் கிடந்தது. நான்தான் திருத்தினனான் எண்டு சொல்லு. அவரின்ரையெண்டால் கொண்டுபோகட்டும்.”

சின்ன வசனங்கள். எல்லாவற்றுக்கும் எனக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தது. ஆனால் அவருடைய மகள் தன் புதுச் சைக்கிளைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளைச் சப்பாத்து, வெள்ளைக் காலுறை. பூபெல் என்ற சொல் தொண்டைவரை வந்தது. நான் அதை விழுங்கிவிட்டு, “அப்பாவின் நண்பர் ஒருவர் தந்தார்” என்றேன்.

எந்த நண்பர் என்று கேட்டார். சிவா என்றேன். எங்கே இருக்கிறார்? டொரொன்டோவுக்குப் போய்விட்டார். எப்போது? போன மாதம். கேட்கக் கேட்க எனக்கு வந்துகொண்டே இருந்தது. அந்த மனிதரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. அவர் மனைவியிடம் ஏதோ சொல்ல, அவள் தெருமுனைக் கடைக்குத் தொலைபேச நடந்தாள்.

“நீ என்ன இவ்வளவு நேரம் கதைக்கிறாய்?” என்றார் அப்பா.

“நீங்கள் சொன்னதைத்தான் சொன்னனான்.”

பொலிஸ் வந்தது. இரண்டு பேர். மறுபடியும் அதே கேள்விகள், மறுபடியும் என் வாயிலிருந்து சிவா. அப்போதாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். மாற்றினால் முதலில் சொன்னது பொய்யாகிவிடுமே என்று பயந்தேன். மூத்த பொலிஸ்காரர் என்னை விட்டு அப்பாவின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகக் கேட்டார். “ஃபிரெண்ட்?”

அப்பா என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. தபாலில் முகவரி தெளிவில்லாவிட்டால் அதை எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு பொலிஸ்காரரிடம், “யெஸ். ஃபிரெண்ட்” என்றார்.

என்ன கேட்டாலும் இவர் யெஸ் என்றுதானே சொல்வார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பாவைக் காரின் பின் இருக்கையில் ஏற்றி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே விபரம் எழுதினார்கள். சட்டைப்பைக்குள் பிளாஸ்ரிக் உறையில் எப்போதும் வைத்திருக்கும் அகதிக் கடதாசியை நீட்டினார். பாதையால் போன சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு, தேவைப்பட்டால் அழைப்போம் என்று சொல்லி எங்களை விட்டார்கள். ஊதாச் சைக்கிளை அதன் சொந்தக்காரர் ஓடிக்கொண்டு போனார். தார்ப் பாதையில்தான் போனார்.

என் சைக்கிளை உருட்டிக்கொண்டு அப்பா மேட்டில் ஏறினார். நான் பின்னால் நடந்தேன்.

வீட்டில் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். “அகதிக் கேஸ் முடியாமல் கிடக்கிற நேரத்திலை இதென்ன வில்லங்கம்! குப்பையிலை எடுத்ததெண்டு சொல்லேல்லையே?”

நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன்.

“சொன்னனாங்கள்” என்றார் அப்பா. “அவங்கள் நம்பேல்லை.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

ஆறு வருடங்களுக்குப் பிறகு, அப்பா எடுத்துப்போக மறந்துவிட்ட மருந்தைக் கொடுப்பதற்காக அந்த ஹோட்டல் சமையலறைக்குப் போனேன். கதவைத் தள்ளியதும் ஒரு சமையற்காரர் திரும்பிப் பாராமலே “பூபெல்!” என்று கத்தினார். அப்பா ஓடிவந்து நிரம்பிய வாளியை இழுத்துக்கொண்டு போனார். நான் அங்கே நின்ற பத்து நிமிடத்துக்குள் நாலு தடவை கத்திவிட்டார்கள். அப்பா இந்த நாட்டில் முதன்முதலில் கற்ற சொல் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். கால்வாய்க் கரையில் நான் வாய் திறந்தபோது அவர் காத்து நின்றதும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அது வரவேயில்லை. மகளைப் பொய்க்காரியாக்குவதா, தான் கள்ளனாவதா என்று அவருக்கு யோசிக்கக் கிடைத்தது ஒரு கணம். மருந்தை மேசையில் வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆனால் பதினொரு வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. பொலிஸ் இரண்டு தடவை சிவாவைத் தேடித் தொலைபேசியதும், குடிவரவுக் கடிதம் வரும் ஒவ்வொரு நாளும் அப்பா சாப்பிடாமல் இருந்ததும், மிகவும் பிந்தி எங்களுக்கு விசா கிடைத்ததும் பெரியவர்களின் விஷயங்களாகவே எனக்குப் பட்டன. அப்பா பிறகு சைக்கிளில் ஏறவில்லை. கால் நோகிறது என்றார். நம்பினேன்.

சைக்கிள் போன அந்த வருடமே மாரியில் அவருக்குப் பல்வலி வந்தது. தனியாகவே பல் வைத்தியரிடம் போனார். கையால் காட்டி விளங்கப்படுத்தியதில் ஏதோ பிசகி, நல்ல பல்லைக் கழற்றிக்கொண்டு, நோகிற பல்லோடு திரும்பி வந்தார். அம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“இவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமெல்லோ? முந்தி எல்லா இடமும் இவளைத்தானே இழுத்துக்கொண்டு திரிஞ்சனீங்கள்!”

அப்பா வாயில் பஞ்சை அடக்கியபடி என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

“அவள் படிக்கட்டும்.”

என் படிப்பில் அப்பாவுக்கு எவ்வளவு அக்கறை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. புத்தகத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசித்தேன்.